தம் பிழையைத் தாமே எழுதிய கவிஞர்

சான்றோர் வரலாறு எழுதப் புகுவோர், அவர்தம் குறைகளைப் பின்கட்டில் மறைத்து நிறைகளை மட்டும் முற்றத்தில் பரப்பி வைப்பதே நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவ்வாறு எழுதப்பட்ட வரலாறுகளைப் படிக்கும் மாணவர் வியப்பர், வணங்குவர், பின் மறப்பர். தடுக்கி விழாதவரிடம் எழும் வகையைக் கற்பது அரிது. ஆதலின், பலமுறை விழுந்தவரும் விழுந்ததைத் தாமே எழுதி வைத்தவருமான ஒருவரை இம்மலருக்காகத் தேர்ந்துகொண்டோம். அவர் கவியரசு கண்ணதாசன். சென்னைத் தியாகராய நகரில் முன்பு ஹென்ஸ்மன் சாலை எனப்பட்ட தெரு, அவர் வாழ்ந்த காரணத்தால் இன்று கண்ணதாசன் சாலை என வழங்குகிறது. வீட்டுக்கு வெளியே ரசிகரும் கடன்காரரும் ஒருசேரக் காத்திருந்த காலங்கள் அவருக்கு உண்டு.

செட்டிநாட்டுச் சிறுகூடல்பட்டியில் 24.6.1927 அன்று சாத்தப்பனார், விசாலாட்சி ஆச்சி இணையருக்கு மகனாகப் பிறந்தார். இயற்பெயர் முத்தையா. நகரத்தார் வழக்கப்படி இளமையிலேயே காரைக்குடிக்குச் சுவீகாரம் சென்றார். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. 1943இல் வீட்டாரிடம் சொல்லாமலே சென்னைக்கு வந்து சேர்ந்தார். கடற்கரை மணலில் படுத்தவரைக் காவலர் விரட்டினர். திருவொற்றியூரில் ஒரு நிறுவனத்தில் சிறு வேலை, பிறகு புதுக்கோட்டைப் பக்கம் 'திருமகள்' இதழ், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எனப் பல வாயில்களைத் தட்டினார். 1949இல் 'கன்னியின் காதலி' படத்துக்கு எழுதிய பாடலே திரையுலகில் அவருக்கு முதல் அடையாளம். இவையெல்லாம் பலரும் அறிந்த செய்திகளாதலின் விரிக்க வேண்டா.

அவர்தம் வாழ்வில் நாம் நின்று நோக்க வேண்டிய பகுதி 1949 முதல் 1961 வரையுள்ள பன்னிரண்டு ஆண்டுகள். திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றிய ஆண்டிலிருந்தே அதன் மேடைகளில் முழங்கினார். 1953இல் கல்லக்குடிப் போராட்டத்தில் சிறை சென்றார். 'மாங்கனி' என்னும் குறுங்காவியம் அச்சிறைவாசத்தில் பிறந்தது. 1957 பொதுத்தேர்தலில் திருக்கோட்டியூர்த் தொகுதியில் நின்று தோற்றார். 1961இல் ஈ.வெ.கி. சம்பத்துடன் கழகத்தை விட்டு விலகித் தமிழ்த் தேசியக் கட்சியில் சேர்ந்தார். அக்கட்சி பின்னர்க் காங்கிரசில் கலந்தது.

பொருளியலிலும் இதே வேகம்தான். பாட்டெழுதிப் பெற்ற பணத்தைப் படமெடுத்து இழந்தார். 1958இல் 'மாலையிட்ட மங்கை' வெற்றி தந்தது, அவ்வெற்றியே வினையாயிற்று. அடுத்து எடுத்த 'சிவகங்கைச் சீமை' எதிர்பார்த்த பொருளைத் தரவில்லை. 1960இல் 'கவலை இல்லாத மனிதன்' என்று ஒரு படம் எடுத்தார். பெயரில் இல்லாத கவலை முழுவதும் தயாரிப்பாளர் தலையில் வந்து இறங்கியது. கடன் மலையாயிற்று. அக்கடனை அடைக்க அவர் கண்ட வழி மீண்டும் பாட்டெழுதுவதே. 'பாசமலர்', 'பாலும் பழமும்' போன்ற படங்களின் பாடல்கள் இக்காலத்தனவே. தமிழ்நாடு முழுவதும் தேறுதல் பெற்ற பாடல்களை, தேறுதலற்றிருந்த ஒருவர் எழுதினார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் பட்ட பிறகே 'வனவாசம்' எழுதினார். 1943இல் தொடங்கி, கழகத்தை விட்டு விலகிய 1961 வரை நீளும் தன்வரலாறு அது. வறுமை, ஆசை, மது, ஏமாற்றம், தாம் செய்த ஏமாற்று என எதையும் திரைபோட்டு மறைக்கவில்லை. பிறர் இப்படி வாழலாகாது என்பதற்குத் தம் வாழ்வே பாடமாகட்டும் என்பதே அந்நூலில் அவர் மேற்கொண்ட நிலை. தமிழ்த்துறையினராகிய நம் கண்ணில் படுவது வேறொன்றும் உண்டு. தம் கதையை அவர் 'நான்' என்று எழுதவில்லை. 'அவன்' என்றே எழுதினார். தன்மையில் வர வேண்டியதைப் படர்க்கையில் வைத்தார். நன்னூல் பயின்றோர் இதனை இடவழுவமைதி என்பர். இலக்கணத்தில் வழுவும் உண்டு, காரணம் பற்றி அவ்வழுவை அமைத்துக்கொள்ளும் அமைதியும் உண்டு. இங்கே காரணம் யாது? 'நான்' என்று எழுதினால் கை தானாகவே சாக்குத் தேடும். 'அவன்' என்று எழுதினால், அடுத்த வீட்டுக்காரனை எடைபோடும் கண்டிப்போடு தன்னையும் எடைபோடலாம். தன்வரலாறு எழுதிய பெரியோர் பலர் செய்யத் துணியாத செயல் இது என்பது நம் கருத்து.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. பிழையை ஒப்புக்கொள்வதும் பிழையிலிருந்து கற்பதும் ஒன்றா? இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள் 'தவ்பா' எனும் பாவமீட்சிக்குச் சில நிபந்தனைகள் வகுத்துள்ளனர். செய்த தவற்றுக்கு உள்ளம் வருந்த வேண்டும். அதனை உடனே விட வேண்டும். இனி அதன்பால் மீள்வதில்லை என உறுதி பூண வேண்டும். பிறர் உரிமை பாதிக்கப்பட்டிருப்பின் அதனை ஈடுசெய்ய வேண்டும். கவியரசரை இவ்வளவுகோலால் அளந்தால் என்ன கிடைக்கிறது? வருந்தினார், அதில் ஐயமில்லை. கடனைத் தீர்க்க இரவுபகலாக உழைத்தார். ஈடுசெய்யும் கடமையை அவர் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் மதுவை விடவில்லை. அதன் தீமையை அவரளவு தெளிவாக எழுதியவர் சிலரே, எழுதிய கையே கோப்பையையும் ஏந்தியது. மேலும், 'வனவாசம்' நூலில் தம் பிழையோடு பழைய தோழர் பலரின் பிழைகளையும் அவர் பட்டியலிட்டார். தன் கணக்கைச் சொல்ல வந்த இடத்தில் பிறர் கணக்கைப் படிப்பது வருத்தம் ஆகாது; அது வழக்காடல். அந்நூலைப் போற்றும் நாமும் இவ்விடத்தில் அவரோடு உடன்படுவதற்கில்லை.

அவர் முழுமையாகக் கற்ற இடம் வேறு. கம்பராமாயணத்தை எதிர்த்துப் பேசுவதற்காகவே அதனைக் கையில் எடுத்தார். குறை காணப் படித்தவரைக் கம்பரின் தமிழ் வென்றது. மறுக்கப் புகுந்த நூலை ஊன்றிப் படிக்கும் பொறுமையும், படித்தபின் தாம் தோற்றதை ஊரறியச் சொல்லும் துணிவும் அவரிடம் இருந்தன. ஆய்வு மாணவர்க்கு இது பயன்படும் என்பதால் சொல்கிறோம். மறுப்பதற்குரிய நூலின் முன்னுரையை மட்டும் புரட்டிவிட்டு மறுப்புரை எழுதும் பழக்கம் நம் கல்லூரிகளில் பெருகிவருகிறது. நாத்திக மேடையில் நின்றவர் பிற்காலத்தில் பத்துப் பாகங்களாக 'அர்த்தமுள்ள இந்துமதம்' எழுதினார். திருச்சிக் கலைக்காவிரிக்காக 'இயேசு காவியம்' பாடினார். திருக்குர்ஆனின் தோற்றுவாயாகிய அல்ஃபாத்திஹாவைத் 'திறப்பு' என்னும் தலைப்பில் கவிதையாக்கினார். மறையைக் கவிஞர் ஒருவர் தம் நடையில் பெயர்ப்பது தகுமா என மார்க்க அறிஞர் சிலர் தயங்கியபோது, வாதாடாமல் அம்முயற்சியை நிறுத்திக்கொண்டார் என்பது நம்மவரிடையே வழங்கும் செய்தி. மேடையில் எதற்கும் விடைவைத்திருந்த பழைய கண்ணதாசன் அவ்வளவு எளிதில் நிறுத்தியிருப்பாரா என்பது எண்ணத்தக்கது.

அவர் கழகத்தை விட்டு விலகிய அதே 1961இல் 'பாவ மன்னிப்பு' வெளிவந்தது. முஸ்லிம் பெரியவர் ஒருவரால் வளர்க்கப்பட்ட ரஹீமின் கதை அது. அப்படத்துக்காகக் கவியரசர் எழுதிய பெருநாள் பாடலில் டி.எம். சௌந்தரராஜனோடு நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரலும் இணைந்தது. நம் இல்லங்களில் பெருநாள்தோறும் ஒலிக்கும் அப்பாடலை எழுதியவர் யாரென அறியாத இளைஞர் பலர் உளர்.

புகழும் அவரைத் தேடி வந்தது. சிறந்த பாடலாசிரியருக்கான தேசிய விருது 'குழந்தைக்காக' படத்தின் மூலமும், சாகித்திய அகாதெமி பரிசு 1980இல் 'சேரமான் காதலி' புதினத்தின் மூலமும் கிடைத்தன. ஆயினும் இவற்றினும் பெரிதாக நாம் கருதுவது 1978இல் நிகழ்ந்தது. முதலமைச்சர் எம்.ஜி.ஆரைக் கவியரசர் முன்னர்க் கடுமையாகத் தாக்கி எழுதியவர். அவரையே அரசவைக் கவிஞராக எம்.ஜி.ஆர். அமர்த்தினார். இதில் பாராட்டின் பெரும்பங்கு கொடுத்தவருக்கே உரியது. பெற்றவர்க்கும் ஒரு பங்கு உண்டு. தாம் ஏசிய கையிலிருந்து சிறப்பைப் பெறுவதற்குத் தன்முனைப்பைச் சற்றுக் கழற்றி வைக்க வேண்டும்.

1981இல் தமிழன்பர்களின் அழைப்பை ஏற்று அமெரிக்கா சென்றவர் அங்கே நோயுற்றார். அக்டோபர் 17ஆம் நாள் சிகாகோ மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அகவை ஐம்பத்து நான்கு. விட மாட்டாத பழக்கங்கள் உடலை முன்னரே தின்றிருந்தன. உடல் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. அவர் எழுதிய கடைசித் திரைப்பாடல் எனப்படும் 'மூன்றாம் பிறை'த் தாலாட்டு, மறு ஆண்டு அப்படம் வெளியானபோதுதான் மக்கள் செவியை அடைந்தது.