ஒரு கண்ணை இழந்த துப்பாக்கி நிபுணர் பால் மௌசர்

ஜெர்மனியில் நெக்கார் ஆற்றங்கரையில் ஓபர்ண்டார்ஃப் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு பழைய கிறிஸ்தவ மடத்தில் வூர்ட்டம்பெர்க் அரசரின் துப்பாக்கித் தொழிற்சாலை நடந்து வந்தது. அதில் வேலை பார்த்த ஒரு தொழிலாளிக்கு 13 பிள்ளைகள். கடைசிப் பிள்ளை 1838-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி பிறந்தது. அந்தப் பிள்ளைதான் பால் மௌசர்.

பால், சிறு வயதிலேயே அப்பாவின் பட்டறைக்கே வேலைக்குப் போனார். 1859-ல் பட்டாளத்துக்குப் பிடித்தார்கள். லுட்விக்ஸ்பர்க் ஆயுதக் கிடங்கில் பீரங்கிப் படை வேலை.

அந்தக் காலத்தில் பிரஷ்ய சிப்பாய்கள் ஊசித் துப்பாக்கி வைத்திருந்தார்கள். ஒரு நீண்ட ஊசி, காகிதத் தோட்டாவைத் துளைத்துக்கொண்டு போய் மருந்தைப் பற்ற வைக்கும். ஊசி அடிக்கடி உடையும். ஒவ்வொரு முறையும் அதைக் கையால் பின்னுக்கு இழுக்கவும் வேண்டும். பால் இதை மாற்றினார். கதவுத் தாழ்ப்பாளைப்போலக் கைப்பிடியைத் திருப்பினாலே போதும், துப்பாக்கி சுடத் தயாராகிவிடும்!

அண்ணன் வில்ஹெல்ம் பேச்சில் கெட்டிக்காரர். வியாபாரத்தை அவர் பார்த்துக்கொண்டார். 1867-ல் நாரிஸ் என்ற அமெரிக்கர் சகோதரர்களைப் பெல்ஜியம் நாட்டுக்கு அழைத்துப்போனார். கொஞ்ச நாளில் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டார். சகோதரர்கள் மனம் தளரவில்லை. 1871-ல் பிரஷ்ய சர்க்கார் அவர்களுடைய துப்பாக்கியையே ஏற்றுக்கொண்டது. 1874-ல், அப்பா கூலிக்கு வேலை பார்த்த அந்தத் தொழிற்சாலையையே விலைக்கு வாங்கினார்கள். இதைவிட வேறென்ன பெருமை வேண்டும்?

1882-ல் வில்ஹெல்ம் காலமானார். 1887-ல் துருக்கி சுல்தானின் சர்க்கார் 5 லட்சம் துப்பாக்கிகளும், குதிரைப் படைக்கு 50 ஆயிரம் குட்டைத் துப்பாக்கிகளும் கேட்டது. சொந்த நாடோ 1888-ல் அவரைக் கேட்காமல் ஒரு கமிட்டி வைத்துத் தனியாகத் துப்பாக்கி செய்துகொண்டது. பத்து வருஷம் கழித்து, 1898-ல், ஜெர்மன் பட்டாளம் அவரிடமே திரும்பி வந்தது. அந்த 98-ம் மாடல்தான் மௌசரின் பெயரை உலகமெங்கும் பரப்பியது. அமெரிக்கா தன் ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கியில் அவருடைய முறைகளைக் கையாண்டதற்காக 2 லட்சம் டாலர் கொடுத்தது.

1901-ல் தானாகவே குண்டு ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி ஒன்றைச் சோதித்துப் பார்த்தார். அது வெடித்தது. இடது கண் போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 60-க்கு மேல். அப்படியும் வேலையை விடவில்லை. 1914 மே 29-ந் தேதி இறந்தார். இரண்டே மாதத்தில் உலக யுத்தம் மூண்டது. அவர் செய்த துப்பாக்கிகள் லட்சக்கணக்கில் களத்துக்குப் போயின.

எது உண்மையான மௌசர்?

யுத்தம் முடிந்ததும் அந்தத் துப்பாக்கிகள் வேட்டைக்காரர்கள் கைக்குப் போயின. நீண்ட கட்டையின் முன்பாதியை அறுத்து எறிந்தார்கள். இரும்பு வளையங்களைக் கழற்றினார்கள். நேராக நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியைக் கீழே வளைத்தார்கள். இப்படி உருமாறிய துப்பாக்கியை அடையாளம் கண்டு, பழைய கோலத்துக்குக் கொண்டுவருவது மேல்நாடுகளில் தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது.

துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பிறகு குழல் பொருந்தும் இரும்புக் கூட்டின் தலைப்பைப் பார்ப்பார்கள். செய்த தொழிற்சாலையின் பெயரும் வருஷமும் அங்கே பொறித்திருக்கும். சிறு சிறு பாகங்களில்கூட எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் பிறந்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். துருக்கித் துப்பாக்கிகள் பலவற்றை 1930-களில் அங்காரா ராணுவத் தொழிற்சாலை புதுத் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றி, தன் முத்திரையையும் குத்தியது. அதனால் ஒரே துப்பாக்கியில் இரண்டு காலத்து அடையாளங்கள் தென்படும்.

1888-ம் வருஷத்துக் கமிட்டி துப்பாக்கியையும் பலர் மௌசர் என்றே நினைக்கிறார்கள். அதன் குழலுக்கு மேல் உறைபோல இன்னொரு மெல்லிய இரும்புக் குழல் இருக்கும். தோட்டாப் பெட்டி அடியில் துருத்திக்கொண்டிருக்கும். 98-ல் அது கட்டைக்குள் அடங்கியிருக்கும். இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. ஜெர்மனியில் பின்னாளில் வந்த புதுத் தோட்டாவின் குண்டு மயிரிழை பருமன் கூடியது. அதற்காகத் திருத்திய பழைய துப்பாக்கிகளின் தலைப்பில் ‘எஸ்’ என்ற எழுத்தைக் குத்தினார்கள். அந்த எழுத்து இல்லாத குழலில் பருத்த குண்டைச் செலுத்தினால் அழுத்தம் எல்லை மீறும். மௌசருக்கு ஒரு கண் போனது. மற்றவர்களுக்கு என்ன போகுமோ!

அறுத்த கட்டையைச் சரிசெய்ய அதே அக்ரூட் மரத் துண்டைத் தேடுவார்கள். ஒட்டிய இடம் வெளியே தெரியாமல் இரும்பு வளையத்துக்கு அடியில் மறைப்பார்கள். பழைய முத்திரைகள்மேல் அரம் படவே கூடாது. பளபளக்கத் தேய்த்தவன் துப்பாக்கியின் ஜாதகத்தையே அழித்துவிடுகிறான்.

1945-ல் ஓபர்ண்டார்ஃபை பிரெஞ்சுப் படை பிடித்தது. தொழிற்சாலையை இடித்துத் தள்ளினார்கள். மிஞ்சிய கட்டடம் ஒன்றில் இப்போது ஆயுதக் காட்சிச்சாலை இருக்கிறது. அதற்கு ‘சுவீடன் கட்டடம்’ என்று பெயர். சுவீடன் நாட்டு ஆர்டருக்காக மௌசர் எழுப்பிய கட்டடம் அது.