சங்கம் வளர்த்த சகோதரி

நுழையும்முன்

ஒருவர் உள்ளத்தில் தோன்றும் இரக்கம், பலர் கூடி உழைக்கும்போது நிலைத்த பணியாக வளர்கிறது. நூறாண்டுகளுக்கு முன்னர், வீட்டு வாயிலைக் கடப்பதே அரிதாயிருந்த சென்னைப் பெண்களை ஒரு சங்கமாக இணைத்து, அவர்தம் ஓய்வு நேரத்தைப் பொதுத்தொண்டாக மாற்றியவர் சகோதரி சுப்புலட்சுமி. அவரது வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

சுப்புலட்சுமி 1886ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர்; தாயார் விசாலாட்சி. தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த குடும்பம் அது. அக்கால வழக்கப்படி 11ஆம் வயதில் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. சிறிது காலத்திற்குள் கணவர் இறந்துவிட்டார். மணவாழ்வு இன்னதென்று அறியுமுன்னரே அச்சிறுமி கைம்பெண் ஆனார்.

கைம்பெண் என்றால் தலைமுடியை மழித்து, மங்கல நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கி, வீட்டின் ஒரு மூலையில் ஒதுக்கிவைத்தல் அன்றைய உயர்குடி வழக்கம். இளம்பெண்களுக்கும் இதே நிலைதான். சுப்புலட்சுமியின் பெற்றோர் இவ்வழக்கத்திற்குத் தம் மகளை உட்படுத்த மறுத்தனர். தந்தையார் வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார். பின்னர்ப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பினார். கைம்பெண்ணாகிய சிற்றன்னை வாலாம்பாள் உடனிருந்து துணைசெய்தார். உற்றார் பலரின் ஏச்சுகளுக்கிடையே கல்வி தொடர்ந்தது. சுப்புலட்சுமி 1911இல் மாநிலக் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே.

இல்லமும் சங்கமும்

தமக்குக் கிடைத்த வாய்ப்புத் தம்மைப் போன்ற பிறருக்கும் கிடைக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். எழும்பூரில் தம் தந்தையாரின் வீட்டில், விரல்விட்டு எண்ணத்தக்க இளங்கைம்பெண்களைச் சேர்த்துக்கொண்டு கற்பிக்கத் தொடங்கினார். அவர்களுக்கு உணவு சமைப்பதும் அன்பு காட்டுவதும் சிற்றன்னையின் பொறுப்பாயின.

எனினும் இப்பணி ஒரு குடும்பத்தின் ஆற்றலுக்குள் அடங்குவதன்று. பெண்களின் மனம் மாறினாலன்றி, எந்தத் தாயும் தன் மகளைப் படிக்க அனுப்பமாட்டாள். இதனை உணர்ந்த சுப்புலட்சுமி 1912இல் சாரதா மகளிர் சங்கத்தை நிறுவினார். இல்லத்தரசிகளும் பிற பெண்களும் ஒன்றுகூடி, சொற்பொழிவு கேட்கவும், சமூகச் சிக்கல்களைக் குறித்துக் கலந்து பேசவும், பெண்கல்விக்குத் துணைநிற்கவும் அச்சங்கம் இடமளித்தது. இளங்கைம்பெண்களின் உறைவிடம் சாரதா இல்லம் எனப் பெயர் பெற்றது.

இன்றைய கண்ணோட்டத்தில், சில பெண்கள் ஓரிடத்தில் கூடிப் பேசுவது சிறிய செயலாகத் தோன்றலாம். உறவினர் வீட்டு விழாக்களுக்கன்றி வேறெங்கும் செல்லாத பெண்கள், பொதுச்செய்தி ஒன்றிற்காகப் புறப்பட்டு வந்தமை அன்று பெரிய மாற்றம். அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் மறைந்திருந்த துயரம், சங்கத்தில் அனைவர்க்கும் பொதுவான சிக்கலாயிற்று.

ஐஸ் ஹவுஸ்

இல்லத்தில் சேர்வோர் பெருகவே, பெரிய இடம் தேவைப்பட்டது. மெரினா கடற்கரையை ஒட்டி நின்ற ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அரசின் உதவியோடு இல்லம் இடம்பெயர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842இல் கட்டப்பட்ட கட்டடம் அது. 1897இல் விவேகானந்தர் அங்குத் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது.

அரசின் இல்லத்தில் பிராமணக் கைம்பெண்களே சேர்க்கப்பட்டனர்; பெற்றோரின் நம்பிக்கையை இழக்காதிருக்க, மரபான ஆசாரங்களும் அங்குப் பின்பற்றப்பட்டன. அது அக்காலத்தின் எல்லை. இல்லத்தின் குறையும் ஆகும். சுப்புலட்சுமியின் அக்கறை அவ்வெல்லைக்குள் நின்றுவிடவில்லை. இல்லத்திற்கு அருகிலிருந்த குப்பத்து மீனவர்களின் பிள்ளைகளுக்காகவும் அவர் பள்ளி தொடங்கினார்.

ஆசிரியர்களை உருவாக்கும் பொருட்டு 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 1941இல் ஓய்வுபெறும் வரை அதன் தலைமைப் பொறுப்பைச் சுப்புலட்சுமி ஏற்றிருந்தார். ஆதரவற்றவர் எனக் கருதப்பட்ட இளம்பெண்கள் பலர், பிறருக்குக் கற்பிக்கும் ஆசிரியைகளாக உயர்ந்தனர்.

விடுபட்டோர்க்கு ஒரு பள்ளி

அரசின் இல்லத்தில் சேர வயது வரம்பு இருந்தது. 18 வயதைக் கடந்த கைம்பெண்களுக்கு அங்கு இடமில்லை. அரசின் விதி அவர்களைக் கைவிட்டது, சங்கம் கைவிடவில்லை. வயதுவந்த பெண்கள் தங்கிப் படிப்பதற்காகச் சாரதா வித்யாலயம் என்னும் பள்ளி 1927இல் சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில் தோன்றியது. பின்னர் அதனை நடத்தும் பொறுப்பை இராமகிருஷ்ண மிஷன் ஏற்றுக்கொண்டது. விதிகளுக்குக் கட்டுப்பட்ட அரசு தயங்கி நிற்கும் இடத்தில், தன்னார்வத் தொண்டு முன்செல்ல முடியும் என்பதற்கு இப்பள்ளி சான்று.

கைம்பெண்ணின் துயரைத் துடைப்பதோடு, அத்துயரின் வேரையும் அகற்ற வேண்டுமென அவர் விரும்பினார். அவ்வேர் குழந்தை மணம். அரசுப் பணியில் இருந்தமையால் பொது இயக்கங்களில் வெளிப்படையாக ஈடுபட அவருக்குத் தடை இருந்தது. ஆயினும் பெண்களின் கூட்டங்களில் குழந்தை மணத்திற்கு எதிராகப் பேசினார். பெண்ணின் மணவயதை 14 ஆகவும் ஆணின் மணவயதை 18 ஆகவும் வரையறுத்த குழந்தை மணத் தடைச் சட்டம் 1929இல் நிறைவேறி, 1930இல் நடைமுறைக்கு வந்தது.

ஓய்வறியாத முதுமை

பணி ஓய்வு அவருக்குத் தொண்டின் ஓய்வாக அமையவில்லை. 1942இல் மயிலாப்பூரில் வயதுவந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். மயிலாப்பூர் மகளிர் மன்றத்தின் பள்ளிக் கழகம் அமைவதிலும் பங்காற்றினார். அதன் பள்ளியே 1956இல் வித்யா மந்திர் எனப் பெயர் பெற்றது. 1952 முதல் 1956 வரை சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1954இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நல மையம் அமையத் துணைபுரிந்தார். 1958இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

சுப்புலட்சுமி 1969ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20ஆம் நாள் இயற்கை எய்தினார். தமக்கெனக் குடும்பம் அமையாத அவரைப் பல தலைமுறைப் பெண்கள் சகோதரி என்றே அழைத்தனர். அவர் தொடங்கிய பணிகள் அவர் கையோடு முடியவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு சங்கத்தின் பொறுப்பிலோ, ஒரு நிறுவனத்தின் பொறுப்பிலோ அவர் ஒப்படைத்துச் சென்றதே அதற்குக் காரணம். தொண்டு செய்ய விரும்புவோர், தமக்குப் பின் அதனைத் தொடர்ந்து செய்வோரையும் உருவாக்க வேண்டும் என்பதே அவரது வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடம்.