தில்லையாடி வள்ளியம்மையார்

தரங்கம்பாடிக்கு அணித்தாகிய தில்லையாடியே வள்ளியம்மையாரின் குடிவழி ஊர். அவர் பிறந்ததோ தென்னாப்பிரிக்காவின் ஜோகானஸ்பர்க் நகரில், 1898ஆம் ஆண்டில். தந்தையார் முனுசாமி முதலியார். தாயார் மங்களம் அம்மையார். 1860 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகவும், பின்னர் வணிகராகவும் நம்மவர் பலர் அந்நாடு புக்கு வாழ்ந்தனர்.

1913 மார்ச்சுத் திங்களில் கேப் மாகாண நீதிபதி சியர்ல் என்பார் ஒரு தீர்ப்பளித்தார். கிறித்துவ முறைப்படி நிகழ்ந்து பதிவு பெறாத மணங்கள் சட்டத்தின்முன் மணங்களே ஆகா என்பது அதன் கருத்து. வழக்கு இசுலாமியக் குடும்பமொன்றைப் பற்றியதாயினும் அது இந்துக்களையும் ஒருங்கே தாக்கிற்று. தீ வலம் வந்து மங்கலநாண் பூண்ட மனைவியர் மனைவியர் அல்லராயினர். மக்கள் தந்தையின் உடைமைக்கு உரியர் அல்லராயினர். பொருளைப் பறித்தல் வேறு. ஒரு சாராரின் இல்லறத்தையே இல்லையென்றல் வேறு அன்றோ? வரியும் தடையும் பொறுத்தோர் இதனைப் பொறுத்திலர்.

அதுகாறும் காந்தியடிகள் மகளிரைச் சிறைபுக விட்டாரல்லர். இத்தீர்ப்பின் பின்னரே மகளிர் அணி எழுந்தது. டிரான்ஸ்வாலினின்று முதற்கண் புறப்பட்டோர் பெரும்பாலும் தமிழ்ப் பெண்டிரே என்பதை நாம் மறத்தலாகாது. அவர்கள் அனுமதியின்றி எல்லை கடந்து நேட்டால் புகுந்து, ஒப்பந்தம் முடிந்த கூலிமக்கள்மீது சுமத்தப்பட்ட மூன்று பவுன் தலைவரியின் கொடுமையை நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்தார்க்கு எடுத்துரைத்தனர். சுரங்க வேலை நின்றது.

வள்ளியம்மையாரும் தம் அன்னையாரோடு இப்போரிற் கலந்து, 1913 டிசம்பரில் மூன்று திங்கட் கடுங்காவல் பெற்று, மாரிட்ஸ்பர்க் சிறை புகுந்தார். அவரோ மணமாகாச் சிறுமி. ஆயினும் தாயின் மணம் செல்லாதெனின் மகளின் நிலை யாதாம்? அவ்வழக்கு அவர்க்கும் உரியதே என்று நாம் கருதுகின்றோம்.

சிறையிற் கொடுங்காய்ச்சல் பற்றியது. 1914 சனவரியில் விடுதலையானபோது உடல் என்புருவாயிற்று. காணச் சென்ற காந்தியடிகள், சிறை சென்றமைக்கு வருந்துவதுண்டோ என வினவினார். வருத்தமில்லையென்றும், இப்பொழுதே மீண்டும் செல்ல ஒருப்பாடென்றும், இறப்பு நேரினும் கவலையில்லையென்றும் அவர் விடை பகர்ந்தமையைக் காந்தியடிகளே எழுதியுள்ளார். பின்வந்தோர் சிலர் நீண்ட வீரவுரைகளை அச்சிறுமியின் வாயிற் பெய்து கூறுவர். அவை வேண்டா, இவ்விடையே சாலும். 1914 பெப்ருவரி 22ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அகவை 16.

அவ்வாண்டின் நடுவில் இந்தியர் துயர்நீக்கச் சட்டம் நிறைவேறிற்று. தலைவரி ஒழிந்தது. ஒருவற்கு ஒரு மனைவி என்னும் அளவில் நம்மவர் மணங்கள் ஏற்கப்பட்டன. நம் சமயக் குருமார் மணப்பதிவு அலுவலராகவும் வழி பிறந்தது. சூலைத் திங்களில், அந்நாட்டை விட்டு நீங்குமுன், காந்தியடிகள் பிராம்ஃபான்டீன் இடுகாட்டில் வள்ளியம்மையாரின் நினைவுக்கல்லைத் திறந்துவைத்தார்; மறு ஆண்டில் தில்லையாடிக்கும் வந்து சென்றார். மாகாணம் விட்டு மாகாணம் செல்லும் தடை மட்டும் அச்சட்டத்தால் நீங்கிற்றிலது. எல்லாரோடும் ஒப்ப வாக்களிக்கும் உரிமை அந்நாட்டு இந்தியர்க்கு 1994ஆம் ஆண்டிலேயே எய்திற்று.