கிட்டப்பா: ஒலிவாங்கிக்கு முந்தைய குரல்

செங்கோட்டை என்றதும் பலருக்கும் நினைவில் எழுகிறவர் வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டவர் அவர். அதே ஊரில் பிறந்த இன்னொருவனுக்கு அப்போது ஐந்து வயதுகூட நிறையவில்லை. ராமகிருஷ்ணன் என்று பெயரிடப்பட்டுக் கிட்டப்பா என்று அழைக்கப்பட்ட அந்தச் சிறுவன் அடுத்த இருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டின் மிகப் புகழ்பெற்ற குரலாக வளர்ந்தான். இருபத்தேழு வயதில் மறைந்தும் போனான். செங்கோட்டை கங்காதர கிட்டப்பா என்பதன் சுருக்கமே எஸ்.ஜி. கிட்டப்பா.

இன்று அவரைப் பற்றிப் பேசுவோர் இரண்டு செய்திகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒன்று, அவர் கே.பி. சுந்தராம்பாளின் கணவர். மற்றொன்று, அவர் மிக உயர்ந்த சுருதியில் பாடியவர். இரண்டும் உண்மைதான். ஆயினும் இந்த இரண்டுக்கும் நடுவே கிட்டப்பா என்ற இசைக் கலைஞர் காணாமல் போய்விட்டார் என்பது என் வருத்தம்.

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை ஆகிய மூன்று ஊர்களும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அளவில் அமைந்தவை. பாட்டால் நாடகம் நடத்துவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி, படிப்பதற்கு மட்டும் எழுதப்பட்ட நூலன்று. பாடி ஆடுவதற்காக எழுதப்பட்டது. காவடிச் சிந்துக்குத் தனிப் பெருமை தேடித் தந்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரும் இப்பகுதியினரே. அவர் 1891-இல் மறைந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1906 ஆகஸ்ட் 25 அன்று, கங்காதர ஐயர், மீனாட்சி அம்மாள் தம்பதியின் மகனாகக் கிட்டப்பா பிறந்தார்.

செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தமிழகத்தோடு அது இணைந்தது 1956 நவம்பர் 1-ஆம் நாள்தான். கிட்டப்பா பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1904-இல், மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திரைச்சீலைகளையும் உடைப் பெட்டிகளையும் முப்பது நாற்பது ஆட்களையும் ஏற்றிக்கொண்டு நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் செல்வதற்கு வழி செய்தது ரயில்தான். ஓர் ஊரின் பாடகன் ஒரு மொழிக்கே பாடகனாக முடிந்ததும் அதனால்தான்.

வீட்டில் வறுமை, பிள்ளைகளோ பலர். முறையான பள்ளிக் கல்வி கிட்டப்பாவுக்கு வாய்க்கவில்லை. அண்ணன்மார் நாடகத்தில் சேர்ந்தார்கள். அவர்களோடு இவரும் சேர்ந்தார். கூத்தாடி என்ற சொல் வசையாகவே வழங்கிய காலத்தில் ஒரு பிராமணக் குடும்பம் தன் பிள்ளைகளை மேடைக்கு அனுப்பியது என்றால், அந்த வீட்டு அடுப்பின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் குழுவில் அவர் பாடம் கேட்டார். சுவாமிகளிடம் பாடம் என்றால் நூற்றுக்கணக்கான பாட்டுகள், விருத்தங்கள், வசனங்கள், அனைத்தும் மனப்பாடம். தாளம் தவறினால் அடி. அந்தக் காலத்துச் சிறுவர் கம்பெனிகளின் கண்டிப்பை நான் போற்றப் போவதில்லை. ஆனால், எழுத்தறிவு குறைந்த ஒரு சிறுவனுக்கு இசைப் பள்ளியும் தமிழ்ப் பள்ளியும் அதுவாகத்தான் இருந்தது.

பிறகு கன்னையா கம்பெனி. காட்சி ஜோடனைக்குப் பெயர்பெற்ற அந்தக் கம்பெனியின் தசாவதாரம் நாடகம் கிட்டப்பாவைத் தமிழகம் அறிந்த நட்சத்திரமாக்கியது. பெண் வேடம், ஆண் வேடம் இரண்டிலும் அவர் பாடி நடித்தார். வள்ளி திருமணத்தில் அவர் வேலனாக வந்து பாடிய பாட்டுகளை அடுத்த தலைமுறையினரும் முணுமுணுத்தார்கள். பின்னர் சொந்தக் குழுவையும் அவர் நடத்தினார். உடன்பிறந்த காசி ஐயரின் ஆர்மோனியம் அவர் பாட்டுக்குத் துணையாக இருந்தது.

அவர் குரலைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்த மேடை எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். இரவு பத்து மணி சுமாருக்கு நாடகம் தொடங்கும்; விடியும்வரை நடக்கும். கீற்றுக் கொட்டகை, முன்னே நாற்காலி, பின்னே பெஞ்சு, அதற்கும் பின்னே தரை டிக்கெட். ஒலிவாங்கி கிடையாது. குழந்தை அழும், சோடா விற்பவன் கூவுவான், பிடித்த பாட்டுக்குப் பின்வரிசையிலிருந்து ஒன்ஸ்மோர் எழும். இத்தனைக்கும் மேலே ஒருவன் குரல் கடைசி வரிசைக்குச் சொல் சொல்லாகச் சென்று சேர வேண்டும். தாழ்ந்த சுருதி அந்த இரைச்சலில் அமுங்கிவிடும். எனவேதான் நாடகக்காரர்கள் ஆர்மோனியத்தில் நான்கு கட்டை, ஐந்து கட்டை வைத்துப் பாடினார்கள். இன்று கச்சேரி மேடையில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுகிறார்கள். ஒலிபெருக்கி இருக்கும்போது அதற்கு மேல் தேவையும் இல்லை.

கிட்டப்பா ஐந்து கட்டைக்கும் மேலே பாடினார் என்பதை ஒரு சர்க்கஸ் சாகசம்போலச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. உயரத்தில் நிற்பது பெரிதன்று. அந்தக் காலத்து நாடகக்காரர் பலரும் அங்கே நின்றார்கள். அந்த உயரத்தில் நின்றுகொண்டு பிருகாக்களை முத்து முத்தாக உதிர்க்கவும், ராகத்தின் வடிவம் குலையாமல் விரித்துக் காட்டவும், தமிழ்ச் சொல் ஒன்றும் சிதையாமல் உச்சரிக்கவும் முடிந்ததுதான் அவருடைய சிறப்பு. குருகுலவாசம் இல்லை; கேட்டுக் கேட்டே பெற்ற ஞானம். தேர்ந்த வித்வான்களும் அவர் பாட்டைக் கேட்க நாடகக் கொட்டகைக்கு வந்தார்கள்.

தியாகராஜரின் எவரனி கீர்த்தனையை அவர் இசைத்தட்டில் பாடியிருக்கிறார். தேவாமிர்தவர்ஷிணி ராகம். சபா வாசலை மிதித்தறியாத பல்லாயிரம் பேர் அந்த ராகத்தின் பெயர் தெரியாமலேயே அதைப் பாடிக்கொண்டிருந்தார்கள் என்றால் அது அந்தத் தட்டால் வந்தது. கடைத்தெருவில் கிராமபோன் வைத்திருந்த ஒருவர் அந்தத் தட்டைச் சுழலவிட்டால் தெருவே நின்று கேட்கும். கர்நாடக இசையை மக்களிடம் கொண்டு சேர்ப்பது பற்றி இன்று கருத்தரங்குகள் நடத்துகிறோம். தரை டிக்கெட்டுக்குச் சில அணாக்கள் கொடுத்த உழவரும் நெசவாளரும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அதை இரவெல்லாம் கேட்டிருக்கிறார்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழிசை இயக்கத்தின் வரலாற்றை 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டிலிருந்தும், 1943-இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கத்திலிருந்தும் தொடங்குவது வழக்கம். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. அந்த இயக்கத்துக்காக ஓயாமல் வாதாடியவர். தமிழில் பாடினால் ராக பாவம் வருமா என்று அப்போது எழுந்த கேள்விக்கு அறிஞர்கள் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார்கள். அதற்கும் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே, குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சங்கரதாஸ் சுவாமிகளின் தமிழ் விருத்தங்களில் ராகங்களைக் கொட்டிக் காட்டிவிட்டுப் போயிருந்தார். நாடகப் பாட்டு என்பதால் அது கணக்கில் சேரவில்லை. இசை வரலாற்றை எழுதியவர்கள் கச்சேரி மேடையையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள் என்றே நான் கருதுகிறேன்.

இருபதுகளின் பிற்பகுதியில் இலங்கையில் அவர் கொடுமுடி சுந்தராம்பாளைச் சந்தித்தார். தமிழ் நாடகங்களுக்கு அன்று கொழும்பு பெரிய சந்தை. இருவர் குரலும் வானத்தை எட்டுபவை. ஒரே மேடையில் இருவரும் போட்டியிட்டுப் பாடியது நாடக உலகின் பெரும் நிகழ்வாயிற்று. காதல் மலர்ந்தது, மணமும் நடந்தது. சாதி வேறு, அதைவிட, கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது. இந்தக் காதலை ஓர் இலட்சியக் காவியமாகச் சொல்லிச் சொல்லி நாம் பழகிவிட்டோம். சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறியிருக்கின்றன. அவற்றைப் படிப்பவருக்குக் காவியம் தெரியாது; கைவிடப்பட்டதாக உணரும் ஒரு பெண்ணின் ஏக்கமும் மனக்குறையும் நியாயக் கேள்விகளுமே தெரியும். கிட்டப்பா அந்தப் பெண்ணுக்கு நியாயமாக நடந்துகொண்டார் என்று என்னால் சொல்ல இயலாது. அவர் குரலை வியப்பதற்காக இதை மூடி மறைக்க வேண்டிய தேவையும் இல்லை.

அரசியலிலும் அவர் ஒதுங்கி நின்றவர் அல்லர். காங்கிரசுக்கு மேடைக் கலைஞர்களைத் திரட்டிய சத்தியமூர்த்தியின் தொடர்பு அவருக்கும் சுந்தராம்பாளுக்கும் இருந்தது. கிட்டப்பா கதர் அணிந்தார். தேசியப் பாட்டுகளைப் பாடினார். நாடகத்தைக் கட்டுப்படுத்த 1876-லேயே சட்டம் போட்ட அரசு அது. புராண நாடகத்துக்குள் நுழைக்கும் ஒரு பாட்டுக்காகச் சிறை செல்ல நேரும். விசுவநாததாஸ் பல முறை சிறை சென்றார். 1940-இன் கடைசி இரவில் முருகன் வேடத்தோடு மேடையிலேயே உயிர்விட்டார்.

மக்கள் பாடகன், அரசியல் உணர்வு, இளமையில் மரணம் என்றால் உலகுக்கு இன்று நினைவு வருபவர் ஜமைக்காவின் பாப் மார்லி. 1945-இல் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்து, 1981-இல் முப்பத்தாறு வயதில் புற்றுநோயால் மறைந்தவர். 1978-இல் கிங்ஸ்டன் நகரில், எதிரெதிராக நின்ற இரு கட்சித் தலைவர்களை மேடைக்கு அழைத்துக் கைகோக்க வைத்தவர். அந்தக் காட்சியை நாம் இன்றும் திரையில் பார்க்கலாம். மார்லி பாடும்போது அவர் தலைமுடி சுழல்வதை, கண்மூடி நிற்பதைப் பேரக் குழந்தைகள் பார்க்கிறார்கள். கிட்டப்பாவுக்கு அந்தப் பேறு இல்லை. தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் 1931 அக்டோபரில் வெளிவந்தது. அதன் பிறகு அவர் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாக வாழ்ந்தார், படத்தில் நடிக்கவில்லை. அவர் எப்படி மேடைக்குள் நுழைந்தார், பாடும்போது கை எங்கே இருந்தது என்பதெல்லாம் பார்த்தவர்களோடு போய்விட்டன. எஞ்சியவை சில நிழற்படங்கள், சில இசைத்தட்டுகள்.

உடல் முன்பே தளர்ந்திருந்தது. ஆண்டுக்கணக்காகக் கண்விழித்த இரவுகள். அவற்றோடு சேர்ந்துகொண்ட குடி. 1933 டிசம்பர் 2 அன்று அவர் இறந்தார்.

அப்போது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. வெள்ளை உடை பூண்டார். இனி எந்த ஆண் நடிகரோடும் இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935-இல் பக்த நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் தரப் படநிறுவனம் முன்வந்தபோது, நந்தனாராக ஆண் வேடத்தில் நடித்தே தம் உறுதியைக் காத்துக்கொண்டார். 1953-இல் ஔவையார், 1964-இல் பூம்புகாரின் கவுந்தியடிகள், 1965-இல் திருவிளையாடலில் மீண்டும் ஔவை என்று அவர் ஏற்ற வேடங்களும் அந்த உறுதிக்கு உட்பட்டவையே. 1980-இல் மறையும்வரை, நாற்பத்தேழு ஆண்டுகள் அவர் அப்படி வாழ்ந்தார். கிட்டப்பாவின் புகழ் இன்றுவரை நிலைப்பதற்கு அவருடைய தட்டுகளைவிட இந்த வெள்ளைச் சேலையே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கிட்டப்பா விட்டுச்சென்ற இடம் வெறுமையாக இருக்கவில்லை. அவர் மறைந்த மறு ஆண்டே பவளக்கொடி படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதர் வந்தார். அதே உயர்ந்த சுருதி, அதே நாடகப் பயிற்சி. கூடவே திரையும் ஒலிவாங்கியும். பாகவதர் பெற்ற புகழ் கிட்டப்பா போட்டுவைத்த பாதையில் நடந்து பெற்றது.

அவருடைய பழைய தட்டுகளைச் சேகரிப்பாளர்கள் சிலர் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவே இடம் கொடுத்த தட்டுகள் அவை. விடிய விடியப் பாடிப் பழகியவர் அந்த மூன்று நிமிடத்துக்குள் பல்லவி, ஸ்வரம், பிருகா எல்லாவற்றையும் அடைக்க விரைவதைக் கேட்கலாம். ஊசி உராயும் இரைச்சலையும் மீறி அந்தக் குரல் மேலே ஏறுகிறது. ஏறிக்கொண்டிருக்கும்போதே தட்டு முடிந்துவிடுகிறது.