நெப்போலியனைச் சாய்த்த வயிற்றுப் புண்: இன்று கண்டுபிடித்திருக்க முடியுமா?

பாதி ஐரோப்பாவை ஆட்டிப்படைத்த நெப்போலியன் போர்க்களத்தில் சாகவில்லை. அவரைச் சாய்த்தது வயிறு.

1769இல் கோர்சிகா தீவில் பிறந்தவர், 34 வயதிலேயே பிரான்ஸின் பேரரசர் ஆனார். 1815இல் வாட்டர்லூவில் தோற்றதும், ஆங்கிலேயர்கள் அவரை செயின்ட் ஹெலினா தீவில் சிறை வைத்தார்கள். கடைசி மாதங்களில் வயிற்று வலி, வாந்தி. உடம்பு இளைத்துக்கொண்டே போனது. அப்பா கார்லோவும் வயிற்றுக் கட்டியால் இறந்தவர். மகனாவது தப்பட்டும் என்றுதான், இறந்த பிறகு தன் உடலை அறுத்துப் பார்க்கச் சொன்னார்.

1821 மே 5, வயது 51. மறுநாள் டாக்டர்கள் பார்த்தபோது இரைப்பையில் பெரிய புண், நடுவில் ஓட்டை. கல்லீரல் ஒட்டிக்கொண்டு அதை அடைத்திருந்தது. முற்றிய புற்றுநோய் என்பதே இன்றைய பெரும்பாலான நிபுணர்களின் முடிவு.

அன்று உயிரோடு இருப்பவரின் இரைப்பைக்குள் பார்க்க வழியே இல்லை. இன்று எண்டோஸ்கோப்பி இருக்கு. ஆனாலும் ஆரம்பப் புற்று பல நேரம் கட்டி மாதிரி தெரியாது. லேசான சிவப்பு, வெளிறிய திட்டு, சின்னப் பள்ளம், அவ்வளவுதான். சிலருக்குச் சாதாரண அல்சர் போலவே இருக்கும். அசிடிட்டி மாத்திரையில் மேலாக ஆறியும் விடும்.

அதனால்தான் டாக்டர்கள் புண்ணின் ஓரத்தில் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புகிறார்கள். சில வாரம் கழித்து மறுபடி வரச் சொல்கிறார்கள். வலிதான் போயிடுச்சேன்னு அந்த இரண்டாவது டெஸ்ட்டைத் தவிர்க்காதீங்க. குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால், அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிடுங்க.