விரல்வழி வந்த மொழி: மரியா மாண்டிசோரி அம்மையார்

மாண்டிசோரி என்னும் பெயரை நம் ஊர் மழலையர் பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் காண்கிறோம். உள்ளே சென்று பார்த்தால் பிள்ளைகள் கைகட்டி அமர்ந்து ஒப்புவித்துக்கொண்டிருப்பர். கையும் காலும் இயங்கும்போதே குழந்தைக்கு மொழி விளங்குகிறது என்று வாழ்நாள் முழுதும் வற்புறுத்தியவர் அப்பெயருக்கு உரிய அம்மையார்.

1870 ஆகஸ்டு 31-இல் இத்தாலியின் கியராவல்லேயில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாக இருந்த காலத்தில், 1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனநோய் விடுதிகளில், கல்வி ஏறாது என்று கைவிடப்பட்ட குழந்தைகளைக் கண்டு, இவர்களுக்கு வேண்டுவது மருந்தன்று, பயிற்சியே என உணர்ந்தார். இத்தார், செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். படித்தது போதாதென்று, அவற்றை முழுவதும் இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தம் கைப்பட எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் எடைபோட அதுவே வழி எனக் கருதினார். (தேர்வுக்கு முதல்நாள் இரவு நண்பனின் குறிப்பேட்டைப் புரட்டும் நாம் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்!)

அவர் பயிற்றிய குழந்தைகளுள் சிலர் பொதுப்பள்ளித் தேர்வில் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பத் தேறினர். ஊரார் வியந்தனர். அவரோ, நலமுள்ள பிள்ளைகளை இவ்வளவு தாழ்நிலையில் வைத்திருப்பது எது என்று திகைத்தார்.

1907 சனவரி 6-இல், ரோம் நகரின் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோவில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அங்கே உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவி, அதன் ஒலியைச் சொன்னார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிய வழக்கம் நினைவுக்கு வருகிறதல்லவா? அவ்வாண்டு டிசம்பரில் ஒருநாள், மாடியில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைத் தந்து புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தவன் தானாகவே ஒரு சொல்லை எழுதி, தனக்கு எழுத வருகிறது என்று கூவினான். அவன் எழுதிய சொல் மானோ. இத்தாலிய மொழியில் கை என்று பொருள்.

எழுத்தைக் கூட்டி உச்சரிப்பதை அம்மையார் படிப்பு என்று ஒப்பவில்லை. சன்னலைச் சாத்திவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும் என்பது போன்ற கட்டளைகளைச் சீட்டுகளில் எழுதித் தந்தார். பிள்ளைகள் மௌனமாகப் படித்து, எழுந்துபோய்ச் செய்தனர். செய்துகாட்டிய பிள்ளைக்குப் பொருள் விளங்கியதா என்று கேள்வி கேட்கத் தேவை இருக்கவில்லை.

2004-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், உதைத்தல் முதலிய வினைச்சொற்களைப் படிக்கும்போது, உரிய உறுப்பை இயக்கும் மூளைப்பகுதிகளும் தூண்டப்படுவதை வெளியிட்டனர். பொருள் விளங்குவதற்கு அது காரணமா, விளங்கியபின் எழும் எதிரொலியா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு.

1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்கு வகுப்பு நடத்தினார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மாரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தியது. அவருடைய எழுபதாம் பிறந்தநாளன்று மகனை விடுவித்தது. கொடைக்கானலிலும் சிலகாலம் தங்கிய அவர் 1946-இல் ஐரோப்பா திரும்பினார்; 1952 மே 6-இல் ஆலந்து நாட்டில் காலமானார்.