நர்ஸ் படியேறியே களைக்கலாமா? 1853-லேயே லிஃப்ட் கேட்ட நைட்டிங்கேல்!

மே 12 வந்தால் போதும், 'கைவிளக்கு ஏந்திய காரிகை' படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் வலம் வரும். அந்த விளக்கைத் தாண்டி ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பேசிய முக்கியமான விஷயம் ஒன்று இருக்கு. நர்ஸ் வேலை பார்க்கும் இடம் எப்படி இருக்கணும் என்பதுதான் அது.

1820-ல் வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர். நர்ஸ் வேலைக்குப் போக வீட்டில் கடும் எதிர்ப்பு. அதை மீறி 1853-ல் லண்டன் ஹார்லி தெருவில் ஒரு சிறிய மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். சம்பளம் கிடையாது. ஆனால், சேரும் முன்பே அவர் கேட்டவற்றைப் பாருங்க. எல்லா மாடிக்கும் குழாயில் வெந்நீர் வரணும். சாப்பாட்டை மேலே ஏற்ற லிஃப்ட் வேணும். மணி அடித்தது எந்த நோயாளி என நர்ஸுக்கு உடனே தெரியணும். படி ஏறி இறங்கியே பொழுது போனால் நோயாளியை எப்போ கவனிப்பது?

அடுத்து கிரிமியப் போர். 1854 நவம்பரில் 38 நர்ஸ்களுடன் துருக்கியின் ஸ்கூட்டரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். படைவீரர் குடியிருப்பாக இருந்த கட்டடம் அது. கீழே அடைத்துக்கொண்ட சாக்கடை, மேலே காற்று வராத வார்டுகள், நெருக்கியடித்துக் கிடந்த நோயாளிகள். நர்ஸ்கள் ராப்பகலாக உழைத்தும் 1855 பிப்ரவரியில் உயிரிழப்பு உச்சம் தொட்டது. மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றுக்கு வழி செய்த பிறகு அது மளமளவெனக் குறைந்தது. உழைப்பில் குறையில்லை, கட்டடம்தான் ஆளைக் கொன்றது.

அவர் உடம்பும் தப்பவில்லை. கிரிமியாவில் பிடித்த காய்ச்சலின் பாதிப்பால், ஊர் திரும்பிய பிறகு பல ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையில்தான். எழுதியதும் அங்கிருந்தே. 1859-ல் மருத்துவமனைக் கட்டடங்கள் பற்றி ஒரு புத்தகம் வந்தது. இரு பக்கமும் ஜன்னல், நர்ஸ் ஓரிடத்தில் நின்றே எல்லாக் கட்டிலையும் பார்க்கும்படி வார்டு. அந்த வடிவத்தில் எழுந்த லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக் கட்டடம் 1871-ல் திறக்கப்பட்டது. அந்த மருத்துவமனையில்தான் 1860-ல் அவர் பெயரில் நர்ஸ் பயிற்சிப் பள்ளியும் தொடங்கியிருந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. நர்ஸ்களைப் பதிவு செய்து தனித் தொழிலாக அங்கீகரிக்கணும் என்று 1880-களில் குரல் எழுந்தபோது, எதிர்த்தவர் இதே நைட்டிங்கேல். நல்ல நர்ஸை தேர்வும் பட்டியலும் காட்டாது என்பது அவர் கட்சி. நர்ஸ்களின் கால் வலியைப் புரிந்துகொண்டவர், உரிமை விஷயத்தில் கறாராகவே நின்றார். 1910-ல், 90 வயதில் காலமானார். பிரிட்டனில் பதிவுச் சட்டம் வந்தது 1919-ல்.